ஆல்டர்னேட்டரைக் கடைசியில் மாட்டுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1965-ல் தயாரான நான்கு சிலிண்டர் கார். அப்பா ஓட்டிய வண்டி. லூகாஸ் சி40 டைனமோ, அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டி, டாஷ்போர்டு அம்மீட்டர் எல்லாம் வண்டியோடு வந்தவை. பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கிறது. இரவில் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கி, சிவப்பு சார்ஜிங் விளக்கு எரிகிறது. ஹாலஜன் பல்ப், ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன், போன் சார்ஜர் இதெல்லாம் போட ஆசை. டைனமோவுக்குப் பதிலாக 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டினால் எல்லாம் சரியாகும், அரை நாள் வேலைதான் என்கிறார் மெக்கானிக். பழைய வண்டியின் அசல் தன்மையைக் கெடுக்காதே என்கிறார் நண்பர். எந்த ஆல்டர்னேட்டர் வாங்குவது? வயரிங்கையும் மாற்ற வேண்டுமா? இதில் எவ்வளவு வேலையை நானே செய்யலாம்? இன்னொன்று, இரவில் நெடுந்தூரம் ஓட்டினால் டாஷ்போர்டு பக்கம் லேசாக ரப்பர் கருகும் வாசனை வருகிறது. பழைய வண்டி என்றால் அப்படித்தானா?

பதில்: அந்த வாசனையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அதைக் கடைசியில், போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். பழைய வண்டிக்கு பெட்ரோல் வாசனை உண்டு, ஆயில் வாசனை உண்டு, சீட்டுத் துணியின் வாசனை உண்டு. ரப்பர் கருகும் வாசனை எந்த வயது வண்டிக்கும் இயல்பானது கிடையாது. எங்கோ ஒரு வயரோ, முனையோ, ஸ்விட்சோ தாங்கக்கூடியதைவிட அதிகம் சூடாகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை இரவில் அந்த வண்டியை எடுக்காதீர்கள். வண்டியை நிறுத்தி வைக்கும்போது பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். உங்கள் வண்டியில் எர்த் என்பது பாசிட்டிவ் முனை. எந்த வண்டியானாலும் எர்த் பக்கத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

இந்த நிலையில் 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டினால் என்ன ஆகும் என்பதை என் கையால் நடந்த ஒரு தவறை வைத்தே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இதே போன்ற ஒரு காருக்கு 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டினேன். பழைய வயரிங் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, அதனால் தொடவில்லை. நான்கு மாதம் வண்டி அருமையாக ஓடியது. ஒருநாள் பார்க்கிங் லைட்டை அணைக்காமல் விட்டதில் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டது. வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்து கிளம்பியிருக்கிறார் உரிமையாளர். பத்தே நிமிடத்தில் டாஷ்போர்டுக்கு உள்ளிருந்து புகை. நல்லவேளை, உடனே ஓரம்கட்டி பேட்டரியைக் கழற்றிவிட்டார். அம்மீட்டரின் பின்பக்க முனைகள் நிறம் மாறி, அதோடு சேர்ந்த வயர்க்கட்டு ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தது. பேட்டரி நல்ல நிலையில் இருந்த நான்கு மாதமும் அந்த வயரிங் தப்பிப் பிழைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். காலியான பேட்டரி வந்ததும் மாட்டிக்கொண்டது. அந்தக் கட்டு இன்றும் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அதற்குப் பிறகு, வயரிங்கைப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் நான் ஆல்டர்னேட்டர் மாட்டியதில்லை.

ஏன் அப்படி நடந்தது? ஆல்டர்னேட்டரின் மேல் 65 என்று எழுதியிருந்தால் அது எப்போதும் 65 ஆம்பியரைத் தள்ளிக்கொண்டே இருக்காது. விளக்கும் ஃபேனும் பேட்டரியும் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவுதான் கொடுக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் அது கேட்பது மிகக் குறைவு. காலியான பேட்டரி மட்டும், கிடைப்பதையெல்லாம் இழுக்கும். சி40 டைனமோவால் அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் கொடுக்க முடியும். பேட்டரி எவ்வளவு பசியோடு இருந்தாலும் வயரில் அதற்கு மேல் ஓட வழியில்லை. டைனமோவின் பலவீனமே இத்தனை வருடம் உங்கள் வயரிங்குக்குக் காவலாக இருந்திருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்தக் காலத்து சார்ஜிங் வயர் பெரும்பாலும் 3 சதுர மில்லிமீட்டர் செம்பு. டைனமோவிலிருந்து கட்-அவுட், அங்கிருந்து அம்மீட்டர், அப்புறம் பேட்டரி என்று சுற்றி வந்தால் நான்கு மீட்டர் சாதாரணமாக ஆகிவிடும். 22 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரில் சூடாகப் போவது சுமார் 11 வாட். நான்கு மீட்டரில் அது பரவி, கையில் தெரியாமலே போய்விடும். அதே வயரில் 60 ஆம்பியர் ஓடினால் 80 வாட்டுக்கு மேல். மின்னோட்டம் மூன்று மடங்குகூட ஆகவில்லை, சூடு ஏழு மடங்கு ஏறிவிட்டது. டேப் சுற்றி இறுக்கிய கட்டுக்குள், ஒரு பெரிய சால்டரிங் அயர்னின் சூட்டை விட்ட மாதிரி. இதெல்லாம் புது வயர், சுத்தமான முனை என்று வைத்துப் போட்ட கணக்கு. அறுபது வருட வயரில் செம்பு கறுத்திருக்கும், இழைகள் சில அறுந்திருக்கும், ரப்பர் உறை மடக்கினால் பிஸ்கட் போல உடையும்.

அதனால் என் ஆலோசனையின் சாரம் இது. முதலில் எர்த், அடுத்து விளக்குகளுக்கு ரிலே (சிறு மின்சாரத்தில் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), பிறகு முக்கிய மின்பாதையும் ஃபியூஸும், இதெல்லாம் முடிந்த பிறகு ஆல்டர்னேட்டர். மெக்கானிக் சொன்ன வரிசைக்கு நேர் தலைகீழ். அவர் சொன்ன அரை நாள் மாட்டும் வேலைக்குச் சரியான கணக்குதான். அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வேலை இருக்கிறது.

எர்த்திலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லைவ் வயரைப் பத்து முறை பார்ப்பவர்கள் எர்த்தை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். என்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவில் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். அது அறுந்தோ துருப்பிடித்தோ போயிருந்தால், மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எர்த் பட்டை போய்விட்டது என்று அர்த்தம். புதுப் பட்டை போடும்போது பெயின்ட், துரு எல்லாவற்றையும் தேய்த்து பளபளக்கும் இரும்பு தெரிந்த பிறகு போல்ட் போடுங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ வாஸ்லினோ தடவுங்கள், துரு ஏறாது. ஹெட்லைட் கிண்ணங்களின் எர்த், பின் விளக்குகளின் எர்த், டாஷ்போர்டின் எர்த் எல்லாவற்றையும் இப்படியே செய்யுங்கள். இந்த வேலை முழுவதையும் நீங்களே செய்யலாம், கைராசி ஒன்றும் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். மங்கலான விளக்கு என்று வந்த எத்தனையோ வண்டிகள் இதோடு திரும்பிப் போயிருக்கின்றன.

அடுத்து, உங்கள் வாசனை. ஒரு மல்டிமீட்டரை எடுத்து 2 அல்லது 20 வோல்ட் டிசியில் வையுங்கள். என்ஜினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் லைவ் துருவத்திலும், இன்னொன்றை பல்ப் ஹோல்டரின் லைவ் முனையிலும் வையுங்கள். காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அது எங்கே போகிறது என்று தேட வேண்டும். பேட்டரியிலிருந்து அம்மீட்டர் வரை, அம்மீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவில், ஹெட்லைட் ஸ்விட்சின் உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் நடுவில், அப்புறம் டிப்பர் ஸ்விட்ச் என்று துண்டு துண்டாக அளந்துகொண்டே போங்கள். எந்தத் துண்டில் எண் குதிக்கிறதோ அங்கேதான் சூடு. பத்து ஆம்பியர் ஓடும் இடத்தில் அரை வோல்ட் விழுந்தால் அங்கே 5 வாட் சூடு பிறக்கிறது. நகக்கண் அளவு பித்தளைத் தகட்டில் 5 வாட் என்பது பேக்லைட்டைக் கருக்கப் போதும். என் ஊகம், ஹெட்லைட் ஸ்விட்ச் அல்லது அம்மீட்டரின் பின்பக்க நட்டு. இரவில் மட்டும் வாசனை வருகிறது என்பதால் ஸ்விட்ச் மீதே எனக்குச் சந்தேகம் அதிகம். அந்தக் காலத்துப் பல கார்களில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. முழு மின்சாரமும் காவல் இல்லாமல் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகும்.

இதற்குத் தீர்வு ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு புது வயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-ஆம் முனையிலிருந்து விளக்குக்கு. பழைய ஸ்விட்சிலிருந்து விளக்குக்குப் போன வயர் இனி 86-க்கு, 85 எர்த்துக்கு. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. ஸ்விட்ச் இப்போது ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் போதும், அதற்கு கால் ஆம்பியர்கூட ஆகாது. பல்ப்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறைந்தால் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 12 கிடைத்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் ரிலே போட்ட அன்றே, டைனமோவை மாற்றாமலே, ரோடு உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். ஹாலஜனுக்கு மாறுவதானால் ரிலே போட்ட பிறகுதான் மாறுங்கள். கண்ணாடிக் கிண்ணமும் அந்த பல்ப்புக்கு உரியதாக இருக்கட்டும். பழைய ஹாலஜன் கிண்ணத்துக்குள் எல்இடி பல்ப் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இப்போது எத்தனை ஆம்பியர் தேவை என்று பார்க்கலாம். ஹாலஜன் ஹெட்லைட் இரண்டுக்கும் 10, பார்க்கிங், பின் விளக்கு, நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்து 2 முதல் 3, இக்னிஷன் காயில் 4, வைப்பர் 4, ஹீட்டர் ஊதுவிசிறி 5. மழை பெய்யும் இரவில் 25-ஐத் தாண்டிவிடுகிறது. முழு வேகத்தில் சுற்றினாலும் சி40-ஆல் முடியாது. சிக்னலில் நிற்கும்போது அது கொடுப்பது ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் சிவப்பு விளக்கு எரிகிறது. அது கோளாறு அல்ல, டைனமோவின் இயல்பு. எலக்ட்ரிக் ஃபேன் வந்தால் இன்னொரு 10 முதல் 15. போன் சார்ஜர் 2-க்குள், அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். மொத்தம் 40 ஆம்பியர். அதற்கு மேல் கொஞ்சம் கைவசம் வைத்தால் 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் உங்களுக்குத் தாராளம். 100 வேண்டவே வேண்டாம். அதை முழுக்கப் பயன்படுத்த உங்கள் வண்டியில் எதுவும் இல்லை. காலியான பேட்டரி மட்டும் அதைப் பயன்படுத்தும், அதுதான் ஆபத்து. பெல்ட்டையும் நினைத்துப் பாருங்கள். 60 ஆம்பியர் என்றால் 14 வோல்ட்டில் 840 வாட். ஆல்டர்னேட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் பெல்ட் சுமக்க வேண்டியது ஒன்றரைக் கிலோவாட், அதாவது இரண்டு குதிரைத்திறன். தண்ணீர்ப் பம்பையும் சேர்த்துச் சுழற்றும் ஒற்றை வி பெல்ட்டுக்கு அதுவே நல்ல சுமை. 100 ஆம்பியரில் அது வழுக்கிக் கத்தும்.

எலக்ட்ரிக் ஃபேன் ஏன் வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. வண்டி சூடாகிறது என்பதற்காக என்றால், முதலில் ரேடியேட்டரை அடைப்பு எடுத்து, தெர்மோஸ்டாட்டைப் பார்த்து, ஹோஸ்களை மாற்றுங்கள். ஆரோக்கியமான ரேடியேட்டருக்கு வண்டியோடு வந்த ஃபேனே போதுமானதாக இருக்கும். அது போதும் என்று தெரிந்தால் உங்கள் தேவை 30 ஆம்பியருக்கு இறங்கிவிடும்.

எந்த ஆல்டர்னேட்டர் என்று கேட்டீர்கள். டைனமோவில் உற்பத்தியாகும் மொத்த மின்சாரமும் சுழலும் ஆர்மேச்சரிலிருந்து கார்பன் வழியாக வெளியே வர வேண்டும். ஆல்டர்னேட்டரில் சுழல்வது சில ஆம்பியர் மட்டும் எடுக்கும் காந்தச் சுருள். மின்சாரம் பிறப்பது அசையாத வெளிச் சுருளில், அங்கிருந்து டயோடுகள் வழியாக வெளியே வருகிறது. அதனால் அதை மிக வேகமாகச் சுழற்றலாம், ஐடிலிங்கிலேயே பாதி அளவு கொடுக்க வைக்கலாம். கிறைஸ்லர் நிறுவனம் 1960-ல் வேலியன்ட் காரில் இதைக் கொண்டு வந்ததற்கு வழி செய்தது கையடக்கமான சிலிக்கான் டயோடுகள்தான். உங்கள் வண்டிக்கு லூகாஸின் 18ஏசிஆர் பொருந்தும், அது 45 ஆம்பியர் வகை. எலக்ட்ரிக் ஃபேன் கட்டாயம் என்றால் அதே நிறுவனத்தின் ஏ127 வகையில் 55 ஆம்பியர். இரண்டிலும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. வாங்கும்போது தகட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல், குறைந்த வேகத்தில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். சில தகடுகளில் 45/80 போல இரண்டு எண்கள் இருக்கும். சிறியது ஐடிலிங்கில் கிடைப்பது, பெரியது முழு வேகத்தில் கிடைப்பது. சிக்னலில் நிற்கும் உங்களுக்குச் சிறிய எண்தான் முக்கியம்.

புல்லியையும் கவனியுங்கள். கிராங்க் புல்லி 130 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 65 என்றால் என்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது அது இரண்டு சுற்று சுற்றும். ஐடிலிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஆல்டர்னேட்டர் 1600, அது போதும். டைனமோவின் பெரிய புல்லியை அப்படியே கழற்றி இதில் போட்டால் இந்த நன்மை போய்விடும். இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நேர்க்கம்பியை வைத்துப் பார்த்து, பிராக்கெட்டில் வாஷர் சேர்த்துச் சரி செய்ய வேண்டும்.

துருவம் மாற்றுவதுதான் இந்த வேலையில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம். நான் சொன்ன ஆல்டர்னேட்டர்கள் நெகட்டிவ் எர்த்துக்கு ஆனவை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் தெரியாமல் இணைத்தால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். மாற்றுவது கடினம் இல்லை. பேட்டரியைத் திருப்பி வைத்து நெகட்டிவ் முனையை பாடியோடு இணைக்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனை கொஞ்சம் பருமன் என்பதால் கிளாம்புகளையும் மாற்ற வேண்டிவரும். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறிய வயர்களை இடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பொறி பலவீனமாகும். அம்மீட்டரை வைத்துக்கொள்வதானால் அதன் வயர்களையும் மாற்றிப் போட வேண்டும். விளக்கு, ஹாரன், செல்ஃப் மோட்டார் இவற்றுக்கு எந்தத் துருவமானாலும் ஒன்றுதான். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார் மட்டும் திசை மாறிச் சுற்றும், அந்த மாதிரி ஹீட்டர் மோட்டாருக்கு வயர்களை மாற்றிவிட்டால் போதும். பழைய ரேடியோ, எலக்ட்ரிக் டாக்கோமீட்டர், உள்ளே டயோடு வைத்த பெட்ரோல் பம்ப் இவை மூன்றையும் சரிபார்க்காமல் பேட்டரியை இணைக்கக் கூடாது. முடித்ததும் பானெட்டுக்கு உள்ளே நெகட்டிவ் எர்த் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நாளைக்கு ஜம்ப் கொடுக்க வருபவர் பழைய புத்தகத்தைப் பார்த்துத் தலைகீழாக மாட்டிவிடக் கூடாது.

முக்கிய மின்பாதைக்கு வருவோம். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து செல்ஃப் சாலினாய்டில் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) பேட்டரி வயர் வந்து சேரும் நட்டுக்கு 16 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றை நேராக இழுங்கள். இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும், 60 ஆம்பியரிலும் சூடு 8 வாட்டுக்கு மேல் போகாது. சாலினாய்டு பக்க முனைக்கு அருகில் 80 ஆம்பியர் போல்ட் வகை ஃபியூஸ் ஒன்று. இந்த வயருக்கு எப்போதும் ஆபத்து பேட்டரி பக்கத்திலிருந்துதான் வரும், அதனால் ஃபியூஸ் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். பழைய வயரிங்குக்குப் போகும் மெல்லிய வயருக்கு அதே இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் தனியாகப் போடுங்கள். ஹெட்லைட்டும் ஃபேனும் ரிலேக்குப் போன பிறகு பழைய கட்டில் மிஞ்சுவது பத்துப் பதினைந்து ஆம்பியர்தான். நான் மாட்டிய அந்த வண்டியில் இந்த ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் புகை வந்திருக்காது.

கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலையில்லை. அதன் முனைகளில் ஏ, ஏ1, எஃப், டி, ஈ என்ற ஐந்து எழுத்துகள் இருந்தால் செய்ய வேண்டியது இது. ஏ, ஏ1 இரண்டிலும் உள்ள வயர்களை ஒன்றாக இணைக்க வேண்டும். டி-யில் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று இருக்கும். தடித்தது டைனமோவிலிருந்து வருவது, இரண்டு பக்கமும் உறை போட்டு அப்படியே விட்டுவிடலாம். மெல்லியது சிவப்பு விளக்கின் வயர். அதை எஃப் வயரோடு இணைத்தால், முன்பு டைனமோவுக்குப் போன அந்த எஃப் வயரே ஆல்டர்னேட்டரின் விளக்கு முனைக்குப் போய்ச் சேரும். இணைப்புகளைப் பழைய பெட்டியின் மூடிக்குள்ளேயே வைத்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

அந்தச் சிவப்பு விளக்கு இனி வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கு வேண்டிய முதல் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. 2.2 வாட் பல்ப்பே இருக்கட்டும். எல்இடி போட்டாலோ பல்ப் பியூஸ் போனாலோ ஸ்டார்ட் ஆன பிறகும் சார்ஜ் ஆகாமல் இருக்கலாம். எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்த சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் என்ஜின் ஓடும். விளக்கு வயர் வழியாக மின்சாரம் திரும்பி வருவதுதான் காரணம், அந்த வயரில் ஒரு டயோடு போட்டால் நின்றுவிடும்.

அம்மீட்டர் விஷயத்தில் நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மேலே சொன்னபடி வயர் போட்டால் அது சார்ஜ் ஆவதைக் காட்டாது, பழைய கட்டு எடுக்கும் மின்சாரத்தை மட்டும் எப்போதும் டிஸ்சார்ஜ் பக்கம் காட்டிக்கொண்டிருக்கும். சரியாகக் காட்ட வேண்டும் என்பதற்காக மொத்த மின்சாரத்தையும் மறுபடி டாஷ்போர்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். என் விருப்பம், அதே வட்ட முகத்துக்குள் வோல்ட்மீட்டர் பொறியை வைத்துக்கொள்வது. 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் முள் நின்றால் எல்லாம் நலம்.

வயர்களின் முனைகளை கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கி இறுக்குங்கள், ராட்செட் உள்ள கருவியால். 16 சதுர மில்லிமீட்டருக்கு அறுகோண அச்சுள்ள பெரிய கருவி வேண்டும், அதை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். தடித்த வயரை ஈயம் வைத்து ஒட்டினால் ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள். புது வயர்களுக்கும் வண்டியின் பழைய நிறமுறையையே பின்பற்றுங்கள். பிரிட்டிஷ் முறையென்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, சாவி வழியாக வருவது வெள்ளை, அதுவே ஃபியூஸ் வழியாக வந்தால் பச்சை, எர்த் கறுப்பு. பத்து வருடம் கழித்து இதைத் திறப்பவர் உங்களை வாழ்த்துவார், அது நீங்களாகவே இருந்தாலும்.

உங்கள் நண்பரின் கவலை நியாயமானது. பழைய வண்டியில் போட்ட ஓட்டையைத் திரும்ப அடைக்க முடியாது. அதனால் பாடியில் எதையும் துளைக்காதீர்கள், பழைய வயர் எதையும் வெட்டாதீர்கள். டைனமோ, அதன் புல்லி, பிராக்கெட், அம்மீட்டரின் உள்பொறி எல்லாவற்றையும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். மேலே சொன்ன முறையில் செய்தால் ஒரே நாளில் பழையபடி திருப்பிவிடலாம். டைனமோவின் உருவத்திலேயே செய்த ஆல்டர்னேட்டர்களும் கிடைக்கின்றன. தோற்றம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் அதையும் யோசிக்கலாம்.

கடைசியாகச் சோதனை. முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் பேட்டரியில் 14 வோல்ட்டைச் சுற்றி வர வேண்டும். 15-ஐத் தொட்டால் உடனே அணையுங்கள், ரெகுலேட்டர் சரியில்லை. ஹெட்லைட், ஊதுவிசிறி எல்லாவற்றையும் போட்டு, ஆல்டர்னேட்டரின் பெரிய முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவில் அளந்தால் 0.3-க்குள் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.2-க்குள். கால் மணி நேரம் ஓடவிட்டு அணைத்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் பிரித்து மறுபடி செய்யுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்த்து சார்ஜிங்கைச் சோதிக்கும் பழைய வழக்கம் பலருக்கும் உண்டு. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் டயோடுகளையும் ரெகுலேட்டரையும் கொண்டுபோய்விடும். பாடியில் வெல்டிங் வேலை வந்தால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயர்களையும் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

இந்த வாரம் எர்த்தை மட்டும் சுத்தம் செய்து, ஸ்விட்சிலும் அம்மீட்டரிலும் விழும் வோல்டேஜை அளந்து எனக்கு எழுதுங்கள். ஆல்டர்னேட்டரை அதுவரை வாங்க வேண்டாம். ஸ்விட்சின் முனை கறுத்திருந்தால் ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள், அதைச் சரி செய்ய முடியுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.